மக்கு ரோஸ்லின்

'தோழி ஹெலனுக்கு' என்று நாவலின் மூன்றாம் பக்கத்தில் அச்சிட்டிருந்தது. பஸ் திருக்கழுக்குன்றம் வந்து சேர்வதற்குள் ஹெலன் அந்தப் பக்கத்தை நான்கு தடவை புரட்டிப் பார்த்துவிட்டாள். நாற்பத்து மூன்று வயதில் தன் பெயரை முதன்முதலாக ஒரு புத்தகத்தில் பார்க்கிறாள். பக்கத்து இருக்கையில் இருந்த டீச்சரம்மாவிடம் காட்டலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. கூச்சம் வந்து மூடிவிட்டாள்.

எழுதியவள் சியாமளா. படூரில் ஒரு கல்லூரியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். வாரப் பத்திரிகைகளில் பத்துப் பதினைந்து கதை வந்திருக்கிறது. நாவல் இதுதான் முதல். ஒரு சாதாரணப் பெண்மணி தானே துப்பறியக் கிளம்பும் கதை என்று போனில் சொல்லியிருந்தாள். "உன்னை வெச்சுத்தான் எழுதியிருக்கேன். கோவிச்சுக்கக் கூடாது" என்றும் சொல்லியிருந்தாள். இதில் கோவித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்று ஹெலன் நினைத்தாள்.

ஏறக்குறைய மூன்று வருஷம் முன்பு வரை ஹெலனும் அதே கல்லூரியில்தான் இருந்தாள், பெண்கள் ஹாஸ்டலில் உதவி வார்டனாக. ஆறு வருஷம் அங்கேயே தங்கி வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் செங்கல்பட்டில் இருக்கும் வீட்டுக்கு வருவாள். கணவர் ராமதாஸுக்கு மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. பிள்ளைகள் இல்லை.

ஒரு ஜூன் மாதம் முதல்வருக்கு மொட்டைக் கடுதாசி வந்தது. உதவி வார்டன் வெளி ஆட்களிடம் பரிசு வாங்கிக்கொண்டு மாணவிகளை இரவில் வெளியே அனுப்புகிறாள் என்று. முதல்வர் ஹெலனைக் கூப்பிட்டு, கடிதத்தைக் கையில் தராமல், எட்டப் பிடித்துக்கொண்டு கடைசி இரண்டு வரியை மட்டும் வாசித்தார். 'பெண்ணைப் பெற்றவர்களின் வயிற்றெரிச்சல் சும்மா விடாது. இப்படிக்கு உண்மை விளம்பி.' அப்புறம் தண்ணீர் குடித்துவிட்டு, "விசாரணை, அது இதுன்னு போனா உங்க பேருதான் நாறும். நீங்களே எழுதிக் குடுத்துட்டுப் போயிடுங்கம்மா" என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆனால் விட முடியவில்லை. யார் எழுதினார்கள் என்று தெரிந்தே ஆகவேண்டும். எட்டு மாதம் அலைந்தாள். சியாமளாவின் ஸ்கூட்டிதான் வண்டி. சியாமளா ஓட்ட, ஹெலன் பின்னால் குடையும் நோட்டுமாக உட்கார்ந்து போவாள். மெஸ் காண்ட்ராக்டரைப் பார்த்தார்கள், ஹாஸ்டலை விட்டு நீக்கப்பட்ட ஒரு பெண்ணின் அப்பாவைப் பார்த்தார்கள், பழைய வார்டனைத் தேடிக் கேளம்பாக்கம் போனார்கள். "அந்த லெட்டரை ஒருதரம் பார்த்தாப் போதும் சியாமளா" என்று ஹெலன் கெஞ்சுவாள். "அதை அப்பவே கிழிச்சுட்டாங்களாம்" என்பாள் சியாமளா.

வீட்டில் ராமதாஸும் தினம் கேட்பார். "இன்னா ஹெலனு, இன்னிக்கி எதுனா ஆப்ட்டுச்சா?" கேட்டுவிட்டு, அவள் நோட்டை வாங்கி ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுச் சோறு போட்டுக்கொள்வார்.

கடைசியில் ஒன்றும் தெரியாமலேயே போயிற்று. மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் தெருவில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜை வேலை கிடைத்தது. காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

நாவலில் அவள் பெயர் ரோஸ்லின். வெயிலோ மழையோ, குடை இல்லாமல் ரோஸ்லின் நகரமாட்டாள். 'முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் எனக்கு' என்று வாய்க்கு வாய் சொல்வாள். சொல்கிற ஒவ்வொரு தடவையும் தப்பாகச் சொல்வாள். யாரைச் சந்தேகப்படுகிறாளோ அவர்கள் வீட்டிலேயே நோட்டை மறந்து வைத்துவிட்டு வருவாள். டீ கொடுத்தவர்கள் எல்லாம் நல்லவர்கள், கொடுக்காதவர்கள் எல்லாம் குற்றவாளிகள்.

முதல் இரண்டு அத்தியாயத்துக்கு ஹெலன் சிரித்தாள். குடை உண்மை. நோட்டை மறந்ததும் ஒருதரம் உண்மை. ஐந்தாவது அத்தியாயத்தில் சிரிப்பு நின்றது. ரோஸ்லினின் தோழியாக வருகிறவள் மட்டும் அமைதியானவள், அறிவாளி, எல்லாவற்றையும் கவனிக்கிறவள். நான் அழுததெல்லாம் இவளுக்குத் தமாஷாகவா இருந்தது என்று ஹெலனுக்குச் சுருக்கென்றது. நாவல் என்றால் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

லாட்ஜில் கூட வேலை பார்க்கும் திவ்யா புத்தகத்தைப் பார்த்ததும் பிடுங்கிக்கொண்டாள். கூட்டம் இல்லாத நாள். மத்தியானத்துக்குள் பாதி தாண்டிவிட்டாள்.

"ஐயோ அக்கா, இந்த ரோஸ்லின் செம்ம பேஜாரு! எழுந்து போய் ரெண்டு அறை வுடலாம் போல கீது."

"ஏன்?"

"பின்ன இன்னா? லெட்டர் போட்டவன் வூட்டுக்குள்ளயே கீறான். ஒம்போதாவது சாப்டர்லயே நமக்குத் தெரிஞ்சிடுது. இவ குடைய தூக்கிகினு ஊர் ஊராப் போறா. மக்கு!"

"வீட்டுக்குள்ளன்னா?"

"புருஷன்தான்க்கா." திவ்யா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சாரி, சொல்லிட்டேனா? நீங்க இன்னும் படிக்கலயா?"

ஹெலன் சிரித்து வைத்தாள். ஒரு வெளியூர்க் குடும்பம் அறை கேட்டு வந்தது. ஆதார் வாங்கிப் பெயர் எழுதினாள், சாவி கொடுத்தாள். சாயங்கால பஸ்ஸில் ஏறியதும் நேராக ஒன்பதாம் அத்தியாயத்தைப் பிரித்தாள்.

அதில் தோழி அலுவலக அலமாரியில் இருந்து அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்க்கிறாள். கோடு போட்ட தாள். தலைப்பில் சின்னதாக ஒரு சிலுவைக் குறி. போட்ட கை சட்டென்று சுதாரித்து அதன்மேல் பேனாவால் தேய்த்து மறைத்திருக்கிறது. தோழிக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிடுகிறது. ரோஸ்லினின் கணவன் எதை எழுதினாலும் முதலில் சிலுவைக் குறி போட்டுத்தான் தொடங்குவான். மளிகைச் சீட்டுக்குக்கூட. தோழி கடிதத்தை இருந்த இடத்திலேயே வைக்கிறாள். 'பாவம் ரோஸ்லின். இது அவளுக்குத் தெரியாமலே இருக்கட்டும்' என்று நினைத்துக்கொள்கிறாள்.

ராமதாஸ் மளிகைச் சீட்டுக்குச் சிலுவைக் குறி போடுவார். கரண்ட் பில் அட்டையின் பின்னால் ஒரு போன் நம்பரைக் குறித்தாலும் போடுவார். அவர் அப்பா சொல்லிக் கொடுத்த பழக்கம்.

சியாமளா அதைப் பார்த்திருப்பாள், கதைக்கு எடுத்துக்கொண்டிருப்பாள் என்று ஹெலன் தனக்குச் சொல்லிக்கொண்டாள். பஸ் செங்கல்பட்டுக்குள் நுழைகிறவரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் படூருக்குப் போனாள். சியாமளாவின் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் நாவல் பிரதிகள் கட்டுக் கட்டாக இருந்தன. ஹெலனைக் கண்டதும் சியாமளாவின் முகம் மலர்ந்தது. காபி போடப் போனவளை ஹெலன் நிறுத்தினாள்.

"அந்தச் சிலுவைக் குறி நீயா போட்டதா, லெட்டர்ல இருந்ததா?"

சியாமளா உடனே பதில் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருந்தாலும் ஹெலன் நம்பியிருப்பாள். அவள் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினாள், குறைத்தாள். பிறகு, "கதை ஹெலன் அது" என்றாள்.

"லெட்டரைக் கிழிச்சுட்டாங்கன்னு சொன்னியே."

"நான் வேணும்னு..."

"பார்த்தியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

சியாமளா போனை எடுத்தாள். வெகு நேரம் தள்ளித் தள்ளி ஒரு படத்தில் நிறுத்தி நீட்டினாள். கோடு போட்ட தாள். மேலே தேய்த்து அழித்த கறுப்புப் புள்ளி. அதற்குக் கீழே, ஹெலன் பதினெட்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் கையெழுத்து. கொஞ்சம் மாற்றத்தான் பார்த்திருக்கிறார். முதல் நாலு வரி சாய்ந்திருந்தது. அதற்கப்புறம் கை அசந்து, பழையபடி நிமிர்ந்துவிட்டது.

"கிறிஸ்துமஸுக்கு நீ குடுக்கற கேக் டப்பா மேல அவர்தானே பேர் எழுதுவாரு. அந்த 'ள'வைப் பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சு" என்றாள் சியாமளா. "எப்படிடி உங்கிட்ட சொல்றது? சொன்னா உன் குடும்பம் என்ன ஆகும்?"

"புத்தகம் போட்டா ஒண்ணும் ஆகாதா?"

"பேரெல்லாம் மாத்திட்டேன். நீ கதைன்னுதான் எடுத்துப்பேன்னு நினைச்சேன்."

ஹெலன் படத்தின் மேல் இருந்த தேதியைப் பார்த்தாள். ஆகஸ்ட் பதினொன்று. மனசுக்குள் மாதங்களை எண்ணினாள். வேலையை விட்டது ஜூன். வாட்ச்மேன் எல்லப்பனைக் கேட்டது ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.

அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வாட்ச்மேன் மேல் சந்தேகம் என்று முதலில் சொன்னவர் ராமதாஸ். "கேட்ல குந்திகினு எல்லாத்தையும் பாக்கறவன் அவன்தான். அவன வுட்டா வேற யாரு?" அதற்கு இரண்டு நாள் முன்பு எல்லப்பன் அவளைப் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டது வேறு. போதாதா? கல்லூரி வாசலில், வகுப்பு விட்டு வரும் பெண்கள் அத்தனை பேர் முன்னால், "என் சோத்துல மண்ணைப் போட்டுட்டு எப்படிய்யா உட்கார்ந்திருக்கே?" என்று கேட்டாள். அறுபது வயது ஆள். பதில் பேசாமல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அடுத்த வாரமே கல்லூரியில் அவரை நிறுத்திவிட்டார்கள், வம்பு வேண்டாம் என்று.

சியாமளா பக்கத்தில்தான் நின்றிருந்தாள், ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு.

"ஆகஸ்ட்லயே உனக்குத் தெரியும்" என்றாள் ஹெலன். "நான் எல்லப்பண்ணனைக் கேட்டது அக்டோபர். ஒரு வார்த்தை, 'வேணாம் வா ஹெலன், போலாம்'னு சொல்லியிருக்கலாமே?"

சியாமளாவுக்குக் கண் கலங்கியது. "சொல்லத்தான் நினைச்சேன். நீ அந்தக் கோவத்துல நின்னதும், அந்த ஆள் தொப்பியைக் கழட்டினதும்... எனக்கு வாய் வரல ஹெலன். அப்போ நான் பாதி எழுதியிருந்தேன்."

"எதை?"

சியாமளாவின் பார்வை கூடத்தில் இருந்த புத்தகக் கட்டுகளின் பக்கம் போனது.

எட்டு மாதம். வெயிலில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போனது, இளநீர் வாங்கிக் கொடுத்தது, அழுதபோது தோளைத் தட்டியது. அடுத்து யாரைப் பார்க்கலாம் என்று கேட்டதுகூட இவள்தான். இவள் தேடவில்லை, ஹெலன் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அந்தப் படத்தை எனக்கு அனுப்பு" என்றாள். வந்து சேர்ந்த சத்தம் கேட்டதும் எழுந்தாள். பின்னாலேயே படிக்கட்டு வரை வந்த சியாமளாவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து ராமதாஸ் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஞாயிறு கறிக்குழம்பு அவர் வேலை. ஹெலன் படத்தைப் பெரிதாக்கி, போனை அவர் முன்னால் வைத்தாள். ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இத்த யாரு குட்த்தா உனக்கு?"

இது என்ன என்று அவர் கேட்கவில்லை. ஹெலன் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க இப்படிச் செஞ்சீங்க?"

இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரித்துக்கொண்டே சொன்னார். "கம்பெனி பஸ்ஸ வுட்டு எறங்கி வந்தா வூடு பூட்டிக் கெடக்கும். ஒரு நாள் ரெண்டு நாளா? ஆறு வருசம். உன் பொண்டாட்டி கீறாளா, பூட்டாளான்னு தெருவுல கேக்கறான். வேலைய வுட்டுட்டு வான்னா நீ வந்தியா?"

"அதுக்கு அப்படியா எழுதுவீங்க? பொண்ணுங்களை வெளியே அனுப்பறேன்னு? ஏதாவது திருடினேன்னு எழுதியிருக்கலாமே."

"திருட்டுன்னா விசாரிப்பாங்க. இதுன்னா விசாரிக்க மாட்டாங்க. அப்டியே அமுக்கி, அனுப்பிடுவாங்க."

அதை அவர் யோசித்துச் செய்திருக்கிறார். தினமும் சாயங்காலம் அந்த நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தது எதற்கென்று இப்போது தெரிந்தது.

"எல்லப்பண்ணன் மேல சந்தேகம்னு சொன்னீங்களே. எதுக்கு?"

"நீ வுடவே மாட்டேன்னு தேடிகினு இருந்த. யாருனா ஒருத்தன காட்டினா வுட்டுடுவன்னு பாத்தேன்." குரல் தணிந்தது. "எல்லாம் உன்மேல இருந்த பாசத்துலதான் ஹெலனு. இப்ப ரெண்டு வருசமா நாம நல்லாத்தான கீறோம்?"

ஹெலன் எழுந்தாள். உள்ளே போய் ஒரு பையில் நாலு புடவையும் பைபிளையும் சான்றிதழ்களையும் வைத்தாள். ராமதாஸ் வாசலை மறிக்கவில்லை. வெங்காயக் கத்தியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "சாப்ட்டுட்டுனா போ" என்றார். அவள் போய்விட்டாள். லாட்ஜ் மொட்டை மாடியில் வேலையாட்களுக்கு ஓர் அறை உண்டு. முதலாளியிடம் கேட்டு அதில் தங்கிக்கொண்டாள். ராமதாஸ் தினமும் போன் செய்தார். எடுக்கவில்லை. சியாமளா செய்தி மேல் செய்தி அனுப்பினாள். திறந்துகூடப் பார்க்கவில்லை.

எல்லப்பனின் இடத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு மூன்றே நாள்தான் ஆனது. மெஸ் சமையல்காரி தனகோடிக்கு ஒரு போன், அவ்வளவுதான். மதுராந்தகத்தில், ஏரிக்கரைக்குக் கீழே மகள் வீட்டில் இருக்கிறார், பக்கத்தில் ஒரு நெல் மண்டியில் காவல்.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டுப் போனாள். வாசலில் அவர் மனைவி வேண்டா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஆளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"இன்னாத்துக்கு வந்த?"

எல்லப்பன் உள்ளே இருந்து எட்டிப் பார்த்தார். இளைத்திருந்தார். ஹெலன் நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. அந்தக் கடிதத்தை எழுதியது தன் புருஷன், தான் அன்றைக்குக் கேட்டது பாவம், மன்னிக்க வேண்டும்.

வேண்டாவுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. "ஏம்மா, நீ அவ்ளோ படிச்ச பொம்பள. ஆறு வருசம் ஒரே கேட்ல வந்துகினு போய்கினு இருந்த. இவுருக்கு எழுதவே தெரியாதுன்னு கூடவா உனுக்குத் தெரியாது?"

ஹெலன் எல்லப்பனைப் பார்த்தாள். அவர் நிலைப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லப்பன்னு பேர் போடுவாரு. அவ்ளோதான். கேட் நோட்டுல பொண்ணுங்களேதான் டைம் போட்டுகினு போவும்" என்றாள் வேண்டா.

எட்டு மாதத்தில் எத்தனை பேரிடம் எத்தனை கேள்வி கேட்டாள். இவருக்கு எழுதத் தெரியுமா என்று ஒருவரையும் கேட்கவில்லை. அவரையும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாள், முடிவு செய்துவிட்டாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணா" என்றாள்.

"அத்தினி பொண்ணுங்க நின்னுகினு இருந்துச்சு மேடம்" என்றார் எல்லப்பன். "சார், சார்னு கூப்புடும் என்னிய. அதுங்க முன்னாடி எனுக்கு எழுதத் தெரியாதுன்னு எப்டி சொல்றது?"

வேண்டா காலி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உட்காரச் சொல்லவில்லை. ஹெலன் கிளம்பத் திரும்பியபோது எல்லப்பன் கேட்டார்:

"தனகோடி சொல்லிச்சு, இதெல்லாம் ஒரு பொஸ்தகமா வந்துகீதாம். நானும் வரேனாமே?"

"வரீங்கண்ணா."

"இன்னா எழுதிக்கீது?"

புத்தகம் அவளிடம் இல்லை. லாட்ஜில் திவ்யாவிடம் இருந்தது. அதை இனித் தொடக் கூடாது என்றுதான் இருந்தாள். அடுத்த ஞாயிறு அதை வாங்கிக்கொண்டு மறுபடி மதுராந்தகம் போனாள். இந்தத் தடவை எல்லப்பன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். வேண்டா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

ஹெலன் அந்தப் பக்கத்தைப் பிரித்து வாசித்தாள். வாசல். பெண்கள் கூட்டம். ரோஸ்லின் குடையை நீட்டிக் கத்துகிறாள். கிழட்டு வாட்ச்மேன் நடுங்குகிறான். குலுங்கிக் குலுங்கி அழுதபடி அவள் காலில் விழுகிறான்.

"இருங்க, இருங்க" என்றார் எல்லப்பன். "நான் உங்க கால்ல வுழுந்தேனா?"

"இல்லண்ணா."

"அழுதனா?"

"இல்ல. தொப்பியைக் கழட்டிட்டுச் சும்மா நின்னீங்க."

"பின்ன இன்னாத்துக்கு அப்டி எழுதிக்கீது?"

ஹெலன் கைப்பையில் இருந்து பேனாவை எடுத்து, அவர் பார்க்க, அந்த மூன்று வரியையும் அழுத்தி அடித்தாள். மை அடுத்த பக்கத்துக்கு ஊறியது. மற்ற புத்தகங்களில் எல்லாம் அது அப்படியேதான் இருக்கும். அது அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் குனிந்து, அடித்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இன்னும் எங்கனா வரேனா?"

"நாலு இடத்துல வரீங்க."

அவர் நிலைப்படியில் சாய்ந்து, காலை மடக்கி உட்கார்ந்தார்.

"படிங்க" என்றார்.